ப்ளோபெர்ட் வாசலில் ஒரு கூப்பாடு

ஆப்ராம் கீவிட்டின் எலெக்ட்ரிக் சைக்கிளில் இரண்டு பிரேக்குகளும் இடது பக்கத்தில்தான் இருக்கின்றன. வலது கையில் மூன்று விரல்கள் அவனுக்கு மடங்குவதில்லை. விருந்தாளிகள் காரணம் கேட்டால், "திராட்சைக் கத்தரி பட்டுடுச்சு" என்பான். அது பொய்யில்லை. அந்தக் கத்தரியைப் பிடித்திருந்த கை யாருடையது என்பதை மட்டும் சொல்ல மாட்டான்.

தென்னாப்பிரிக்காவில் ராபர்ட்சன் ஊருக்கு மேற்கே, பிரீட் ஆற்றோரமாக, தோட்டம் தோட்டமாக வைன் ருசி பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போவது அவன் வேலை. ஒரு நாளில் நான்கு தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குடித்து, கொஞ்சம் துப்பி, மதியம் தணலில் சுட்ட ரொட்டியும் புகைபோட்ட மீனும் தின்று, மாலையில் முகம் சிவந்து திரும்புவார்கள். ஏற்றத்தில் மோட்டார் தள்ளிவிடும்; யாருக்கும் மூச்சு வாங்காது. உதிரி பேட்டரிகளையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் வண்டியை ஓட்டுகிறவன் நான்.

ஆப்ராம் வைனைக் குடிப்பதில்லை. அவன் அப்பா கூலியில் ஒரு பகுதியை வைனாக வாங்கிய காலத்து ஆள். அப்போது தோட்டங்களில் அதுதான் வழக்கம். விடியும் முன் ஒரு தகரக் குவளை, பிறகு வேலைக்கு நடுவே பல குவளைகள். அந்தக் குவளையாலேயே மகன்களை அடிப்பார். குவளையின் விளிம்பு கூரானது. அண்ணன் யோனாஸ் எப்போதும் முன்னால் வந்து நின்று முதல் அடிகளை வாங்கிக்கொள்வான். அவன் நெற்றியில் பிறைபிறையாகத் தழும்புகள் இருந்தன. ஆப்ராமின் நெற்றியில் குவளைத் தழும்பு ஒன்றுகூட இல்லை. அவன் தொப்பியைக் கழற்றும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

யோனாஸும் நல்லவன் இல்லை. இறந்துபோனவனை ஒழுங்குபடுத்திப் பேசுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். எனக்கு அது வருவதில்லை. அடி வாங்கி வளர்ந்தவன், பிறகு அடிக்கிறவன் ஆனான். ஒரு அறுவடை முடிவில், எல்லோர் முன்னாலும், சாரெல் யான்கீஸ் என்ற இளைஞனின் தலையைப் பிடித்துப் புளித்துக்கொண்டிருந்த திராட்சைச் சாற்றுத் தொட்டிக்குள் அமுக்கினான். சாரெல் கால்களை உதறிக்கொண்டிருந்தான். சிலர் சிரித்தார்கள். வெளியே இழுத்துப் போட்டபோது மூக்கிலிருந்து சாறும் ரத்தமும் கலந்து வழிந்தன.

அடுத்த சனிக்கிழமை, நடனக் கொட்டகைக்குப் பின்புறம் யோனாஸ் சுவரைப் பார்த்து நின்று ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. அங்கே தரை முழுக்கச் சரளைக்கல். பூனை நடந்தாலும் கேட்கும். சாரெல் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தான். கழுத்தில் ஒரு குத்து, முதுகில் இரண்டு. யோனாஸ் விழுந்த பிறகு, அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைப் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பிடித்தார்கள்.

எங்கள் ஜனங்கள் மன்னிக்காதது அந்த வெறுங்காலைத்தான். இந்தத் தோட்டங்களில் யாருடைய வளாகத்துக்குப் போனாலும் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாய்கள் இருக்கும். குடித்தவர்கள் இருப்பார்கள். அறுவடைக் காலத்தில் எல்லோர் கையிலும் கத்தரி இருக்கும். கூப்பிடுகிறவன் எதற்காக வந்தாலும் மனுஷனாக வருகிறான். கூப்பிடாமல் வருகிறவன் திருட வருகிறான், இல்லையென்றால் கொல்ல வருகிறான். மூன்றாவதாக ஒன்றை நாங்கள் யோசித்ததே இல்லை.

சாரெல் சிறைக்குப் போனான். ஆப்ராம் சாரெலின் அம்மா வீட்டுக் கதவைக் கோடாலியால் பிளந்து, உள்ளே ஒரு பாத்திரம் மிச்சமில்லாமல் நசுக்கினான். கிழவியைத் தொடவில்லை என்று அவனுக்காகச் சொல்பவர்கள் உண்டு. தொடவில்லை என்பது உண்மைதான். அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தாள்.

வருஷங்கள் போயின. ஆப்ராம் அடிதடியைக் குறைத்தான்; வழிகாட்டி வேலைக்கு வந்தான்; அண்ணன் மனைவி ராகெலின் வீட்டுக்கு மாவும் எண்ணெயும் வாங்கிப் போட்டான். ஆனால் அந்தக் கைகள் அப்படியே இருந்தன. ஒருமுறை தோட்டத்துக் காவல் நாய் ஒன்று விருந்தாளி ஒருவரின் ஆடுசதையைக் கவ்விக்கொண்டது. ஆப்ராம் காற்றடிக்கும் பம்பால் அதன் தலையிலேயே அடித்தான். மண்டை உடைந்து நாய் சாய்ந்தது. விருந்தாளிகள் கை தட்டினார்கள். செத்த பிறகும் அவன் மேலும் இரண்டு அடி போட்டதை அவர்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

சாரெல் வெளியே வந்ததும் வேலை கிடைத்தது எங்கள் வழியின் மூன்றாவது தோட்டமான ப்ளோபெர்டில். அங்கே வைன் கொட்டகையில் தொட்டி கழுவுகிற வேலை. செய்தி வந்த அன்று ஆப்ராம் என் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு, "வேற வழியில போகலாமான்னு கம்பெனி மேடம் கிட்ட கேட்டேன்" என்றான்.

"என்ன சொன்னாங்க?"

"அங்கதான் சீஸ் நல்லாயிருக்காம்."

"காரணத்தைச் சொன்னியா?"

"சொன்னா அவன் வேலை போயிடும். வேலை போனா ஊருக்குள்ள சுத்துவான். ஊருக்குள்ள பாத்தேன்னா..." கைகளைப் பார்த்துக்கொண்டான். "நான் உள்ள போயிட்டா அண்ணி வீட்டுக்கு மாவு யாரு வாங்குவா? நீயா வாங்குவே? நீ ஒரு டீகூட வாங்கித் தர மாட்டே."

முதல் தடவை ப்ளோபெர்ட் வாசலில் அவன் நின்றான். பின்னால் எல்லா சைக்கிள்களும் நின்றன. தூரத்தில், கொட்டகை முன்னால், சாரெல் கையில் கத்தரியோடு நிமிர்ந்தான். தலை நரைத்திருந்தது. ஆப்ராம் தொண்டை கிழியக் கத்தினான்:

"சாரெல்! கீவிட் வர்றேன்டா! பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தான் வர்றேன்!"

அதில் வசவும் இருந்தது, வாக்கும் இருந்தது. நீ வந்தது போல நான் வர மாட்டேன் என்றும் கேட்கலாம். உன்னைத் தொட மாட்டேன் என்றும் கேட்கலாம். சாரெல் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு கத்தரியைத் தரையில் வைத்தான். இரண்டு கைகளும் தெரிய, வெயிலில் வந்து நின்றான்.

"வா!" என்று கத்தினான்.

அவ்வளவுதான் அவர்களுடைய ஒப்பந்தம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அதே கூப்பாடு, அதே பதில். வேறு ஒரு சொல் அவர்களுக்குள் இல்லை. விருந்தாளிகள் இதை ஏதோ தோட்டத்து விளையாட்டு என்று நினைத்து, அவர்களும் சேர்ந்து ஊளையிடுவார்கள்.

ராகெலுக்கு மட்டும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாவு மூட்டையை இறக்கிவைக்கப் போனால், வாசலிலேயே ஆரம்பிப்பாள்.

"வாங்க, கொழுந்தனாரே. உங்க சிநேகிதன் சௌக்கியமா?"

"சிநேகிதன் இல்ல அண்ணி."

"ரெண்டு பேரும் பாட்டுப் பாடிக்கிறீங்களாமே. ஊரே சொல்லுது."

"பாட்டு இல்ல. கூப்பிடுறேன்."

"அவன் கூப்பிட்டானா உன் அண்ணனை? பூட்ஸைக் கையில புடிச்சுக்கிட்டு வந்தான். நீ என்னடான்னா அவனுக்கு மணி அடிச்சுட்டுப் போறே. யோனாஸ் உனக்குப் பதிலா எத்தனை அடி வாங்கினான்னு உன் தலையைத் தடவிப் பாரு. வழவழன்னு இருக்கும்."

ஆப்ராம் மூட்டையை இறக்கிவிட்டு வந்துவிடுவான். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் அவனை அரித்தது.

கம்பெனியின் சொந்தக்காரி எல்செட் மேடம் பிரிட்டோரியாவிலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை. சம்பளம் தேதி தவறாது. அறுவடை தொடங்கியபோது அவனைக் கூப்பிட்டார். சைக்கிள்களைக் கழுவிக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது.

"ஆப்ராம், ஒரு சின்ன விஷயம். கேட்ல நின்னு கத்துறீங்களே, அதை நிறுத்திடலாம்."

"ஏன் மேடம்?"

"விருந்தாளிங்க எழுதறாங்க. நாம விக்கிறதே அமைதிதானே? சத்தமே இல்லாத சைக்கிள், சத்தமே இல்லாத தோட்டம். நடுவுல நீங்க இடி இடிச்சா?"

"கூப்பிடாம உள்ள போகக் கூடாது மேடம். மரியாதை இல்ல."

"நாம வர்றது அவங்களுக்குத் தெரியும். நான்தான் காலையிலேயே போன் பண்ணிடறேனே."

"போன் முதலாளிக்குப் போகும்."

"அதனால?"

இங்கே அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளியிடம் வீட்டுப் பிணத்தைக் காட்டுவது எங்களுக்குப் பழக்கமில்லை. "சரி மேடம்" என்றான்.

சில வாரங்கள் கூப்பாடு இல்லாமலேயே போனான். முன்வாசல் வழி திறந்தவெளி. சாரெலுக்குத் தூரத்திலிருந்தே ஆள் தெரியும். ஆனால் அவன் கத்தரியைத் தரையில் வைப்பது நின்றுபோனது. கையிலேயே வைத்துக்கொண்டு, நாங்கள் போகும்வரை முதுகைக் காட்டாமல் நின்றான். ஆப்ராம் பிரேக்கை வேண்டுமென்றே கீச்சிட வைப்பான், இருமுவான். அது போதவில்லை. கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினால், அதற்கு அர்த்தம் ஒன்றுதான். சாரெலின் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பேன்.

பிறகு ப்ளோபெர்டின் முன்பாதையில் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். கொடி வரிசைகளுக்கு நடுவே, பின்பக்கமாக வரச்சொல்லிக் காலையில்தான் தகவல் வந்தது. அந்த வழி நேராகக் கொட்டகையின் முதுகில் போய் முட்டும்.

வரிசையின் முனையில் ஆப்ராம் சைக்கிளை நிறுத்தியதை நான் வண்டியிலிருந்து பார்த்தேன். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அவன் நெஞ்சு விரிய மூச்சு இழுத்தான். மேடத்தின் பேச்சை அன்று மீறுவதென்று முடிவு செய்திருந்ததாகப் பிறகு சொன்னான். அந்த நேரம் பார்த்து, அடுத்து நின்ற ஒரு ஹாலந்துக்காரப் பெண் அவன் தோளைத் தொட்டாள். உதட்டில் விரலை வைத்துக் கண்ணால் காட்டினாள். கொடிகளுக்கு அப்பால் இரண்டு நீலக்கொக்குகள் குஞ்சோடு நடந்துகொண்டிருந்தன. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஆப்ராம் வாயை மூடிக்கொண்டான். குஞ்சு கலையக் கூடாது என்பதற்காக ஒருவன் ஒருமுறை சத்தம் போடாமல் இருந்தான். இதை எந்தத் தராசில் வைப்பது?

சைக்கிள்கள் இறக்கத்தில் ஓசையில்லாமல் இறங்கின.

மதிய நேரம். நசுக்கும் எந்திரம் ஓய்ந்திருந்தது. கொட்டகைப் பின்சுவரை ஒட்டி சாரெல் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வாளித் தண்ணீரில் காலிலிருந்த திராட்சைச் சக்கையைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கத்தரி. சுவரில் ஒரு நிழல் வளர்ந்தது. திரும்பினான். ஆப்ராம் கையெட்டும் தூரத்தில் நின்றான்.

யோசிக்க நேரமில்லை. சாரெலின் முதல் குத்து ஆப்ராமின் விலாவுக்குக் கீழே இறங்கியது. இரண்டாவதை ஆப்ராம் உள்ளங்கையால் தடுத்தான். கூர்முனை கையைத் துளைத்து மறுபக்கம் வந்தது. சாரெல் அதை முறுக்கி இழுத்தான். நரம்பு அறுந்தது கயிறு அறுவது போல இருந்ததாம். வாளி கவிழ்ந்தது. இருவரும் சக்கைச் சேற்றில் விழுந்தார்கள். ஆப்ராம் தலையால் சாரெலின் மூக்கை இடித்தான். இன்னொரு முறை இடித்தான். மூன்றாம் முறை பற்கள் உடைந்து அவன் நெற்றியிலேயே ஒன்று பதிந்தது. சைக்கிளைப் பூட்ட இடுப்பில் சுற்றியிருந்த இரும்புச் சங்கிலியை இடது கையால் உருவி, சாரெலின் கழுத்தில் சுற்றி, முழங்காலை முதுகில் ஊன்றி இரண்டு கைகளாலும் இழுத்தான்.

நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். விருந்தாளிகள் அலறிக்கொண்டு கொடிகளுக்குள் சிதறியிருந்தார்கள். ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஆப்ராமைத் தோளைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என்னைத் தள்ளினான், விழுந்தேன். சாரெலின் முகம் கருநீலமாகிவிட்டது. வெறுங்கால்கள் சேற்றை உதைத்துக்கொண்டிருந்தன. சாற்றுத் தொட்டியில் அமுக்கப்பட்ட அன்றும் அவை இப்படித்தான் உதைத்திருக்கும். தரையில் கிடந்தபடி, அவன் சங்கிலிக்கு அடியிலிருந்து ஏதோ சொல்வதைக் கேட்டேன்.

"நீ கூப்பிடல." மூச்சு இல்லாமல் மறுபடியும்: "கீவிட்... நீ கூப்பிடலயே."

சங்கிலி தளர்ந்தது.

இதை வைத்து ஆப்ராமைப் பெரிய மனுஷனாக்கிப் பேசுகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பாதிரியார் பிரசங்கத்திலேயே சேர்த்துக்கொண்டார். எனக்கு நிச்சயமில்லை. அந்தச் சொல் காதில் விழுந்து அவன் விட்டானா, நரம்பறுந்த கை அந்த நேரத்தில் பிடி விட்டதா? அவனிடமே கேட்டேன். "ரெண்டும் ஒண்ணாத்தான் நடந்துச்சு. எது முதல்லன்னு தெரியல" என்றான். இதுவரை அவன் சொன்னதில் நான் மதிப்பது இந்த ஒன்றைத்தான்.

வூஸ்டர் ஆஸ்பத்திரியில் இருவரையும் ஒரே தாழ்வாரத்தில் போட்டிருந்தார்கள். போலீஸ்காரர் வந்தார்; தோட்டத்தில் பிறந்தவர். சாரெல் இன்னும் பரோலில் இருக்கிறவன். ஒரு வார்த்தை போதும், மிச்சக் காலமெல்லாம் உள்ளேதான்.

"யாரு முதல்ல குத்துனது?" என்று ஆப்ராமிடம் கேட்டார்.

"அவன்தான்."

"ஏன்?"

"நான் கூப்பிடாம போனேன்."

போலீஸ்காரர் பேனாவை மூடி அவனைப் பார்த்தார். "கூப்பிடாமயா? நீயா?" ஆப்ராம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் எழுந்தார். "அப்ப குத்துவாங்கதான்டா முட்டாள்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே சாரெலால் பேச முடியவில்லை. குரல்வளை நசுங்கிவிட்டிருந்தது, குரல் திரும்ப வரவேயில்லை. ஹாலந்துப் பெண் சாட்சி சொல்லியிருந்தாள். ஆனால் ஊருக்குத் திரும்பிவிட்டாள். வழக்கு எங்கும் நகரவில்லை.

ராகெல் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். நெற்றியில் பல் பதிந்த இடத்தில் தையல் போட்டிருந்ததைப் பார்த்தாள்.

"கையில கிடைச்சான். விட்டுட்டே."

"ஆமா அண்ணி."

"இனிமே மாவு கொண்டு வராதே."

இன்றும் அவன் கொண்டுபோகிறான். வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, மூட்டையை வைத்துவிட்டு வருகிறான். அவள் கதவைத் திறப்பதில்லை. மூட்டை மறுநாள் அங்கே இருப்பதும் இல்லை.

எல்செட் மேடத்துக்கு எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆப்ராமுக்காகப் பிரேக்குகளை இடது பக்கம் மாற்றச் சொன்னார். அவன் மறுபடி ப்ளோபெர்ட் போக மாட்டான் என்று நினைத்தார். அவன்தான் அந்த வழியைக் கேட்டு வாங்கினான்.

போன அன்று முன்வாசலில் நின்று கத்தினான். எங்கும் அமைதி. சாரெல் கொட்டகைக்குள் இருந்தான். "வா" சொல்ல அவனிடம் குரல் இல்லை. நான் வண்டியிலிருந்து இறங்கப் போனேன். அப்போது உள்ளேயிருந்து, மண்வெட்டிக் காம்பால் காலியான ஸ்டீல் தொட்டியை அடிக்கும் சத்தம் வந்தது. இரண்டு அடி. ஆப்ராம் சைக்கிளை மிதித்தான்.

போன அறுவடையின்போது ஒருநாள் பதில் வரவில்லை. ஆப்ராம் மூன்று முறை கூப்பிட்டான். வெயில் பிளந்தது. "எதுக்குக் காத்திருக்கோம், ஆப்ராம்?" என்று கேட்டார் ஒரு ஜெர்மானியர்.

"பதிலுக்கு."

"யாரும் இல்லை போலிருக்கே?"

"இருப்பான்."

கடைசியில் சைக்கிள்களைத் திருப்பி, தார் ரோட்டைச் சுற்றி, சீஸ் இல்லாமலேயே நான்காவது தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். அன்றெல்லாம் ஆப்ராம் திரும்பித் திரும்பி ப்ளோபெர்ட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் சாவுக்குக்கூட அவன் அப்படி முகம் வாடி நான் பார்த்ததில்லை என்று சொன்னால் ராகெல் என்னைக் கொன்றுவிடுவாள்.

மறுநாள் வாசலில் நின்றான். கூப்பிட்டான். உடனே இரண்டு அடி விழுந்தன. சாரெல் வாசலுக்கு வந்து, குற்றவாளி போலத் தலையைச் சொறிந்தான். கண்கள் வீங்கியிருந்தன, முந்தின நாள் பட்டப்பகலில் குடித்துவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் தூங்கியிருக்கிறான். ஆப்ராம் மிதியில் வைத்த காலை எடுத்துவிட்டான். அந்தக் கூப்பாட்டுக்கு வெளியே அவன் சாரெலிடம் முதன்முதலாகப் பேசியது அப்போதுதான்.

"எருமை! நேத்து எங்கடா போய்த் தொலைஞ்சே? செத்துட்டேன்னு நினைச்சேன்!"

சாரெல் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. கொட்டகைக்குள் போய் மண்வெட்டியை எடுத்து, ஆத்திரம் தீரத் தொட்டியை அடி அடியென்று அடித்தான். கொடிகளிலிருந்த பறவைகளெல்லாம் கலைந்து பறந்தன. விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.